பள்ளத்தாக்கு வெள்ளையாக இருந்தது

வடக்கு விளிம்பு, அரிசோனா
ஜூன் 12, 1966

அப்பா,

ஆமாம். இருக்கிறது.

வந்த அன்றே போய்ப் பார்த்துவிட்டேன். சீருடை கொடுத்த பெண்மணி ஏதோ விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியிலேயே நடந்தேன். பைன் மரங்கள். இன்னும் மரங்கள். பிறகு மரம் இல்லை. தரையும் இல்லை.

பதினொரு வருடமாக நம் வீட்டில் இது ஒரு வேடிக்கைப் பேச்சு. நீங்களும் அம்மாவும் நானும் மிச்சிகனிலிருந்து இவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்து, சனிக்கிழமை இருட்டில் இங்கே கூடாரம் அடித்தோம். மறுநாள் ஞாயிறு. ஞாயிறு ஆராதனைக்குத் தவிர நாம் கார் எடுப்பதில்லை, காசு கொடுத்து எதுவும் வாங்குவதில்லை, வேடிக்கை பார்ப்பதில்லை. நீங்கள் கூடாரத்துக்குள் உட்கார்ந்து புத்தகத்திலிருந்து ஒரு முழுப் பிரசங்கத்தை உரக்க வாசித்தீர்கள். வெளியே அப்படி ஒரு வெயில். பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வந்து கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பத்து வயது. நீங்கள் கொடுத்த பெப்பர்மின்ட்டைக் கடிக்காமல் வாயில் வைத்திருந்தேன். திங்கள் காலை விளிம்புக்குப் போனால், பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. பால் ஊற்றி வைத்ததுபோல. காத்திருக்க நேரமில்லை. வயலில் செலரி நாற்று காத்திருந்தது. திரும்பிவிட்டோம்.

ஊரில் கேட்டார்கள்: "கிராண்ட் கேன்யன் எப்படி இருந்துச்சு, ஹார்ம்?"

நீங்கள் சொன்னீர்கள்: "வெள்ளையா இருந்துச்சு."

அது வெள்ளை இல்லை, அப்பா.

விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறேன். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் அது. ஏழு நாளும் வேலை நடக்கும், முறைவைத்து லீவு. இன்று ஞாயிறு. காலையில் தட்டு தூக்கினேன். மறைக்க விருப்பமில்லை.

இந்த வேலையைப் பற்றிச் சொன்னபோது, "தட்டு தூக்கவா மூணு வருஷம் காலேஜ் படிச்ச? அதுவும் கர்த்தரோட நாள்ல?" என்றீர்கள். "ஞாயித்துக்கிழமை ஜனங்களுக்குப் பசிக்காதா?" என்றேன். அந்தக் கேள்வியில் எனக்கே ஒரு பெருமை இருந்தது. "அப்படிப் போறவ இந்த மேஜைக்குத் திரும்பி வர வேண்டாம்" என்றீர்கள். அம்மா அடுப்பை அணைத்தார். அவ்வளவுதான்.

நீங்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை. செப்டம்பரில் இங்கிருந்து நேராகக் கல்லூரிக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன். வீட்டுக்கு வராமல்.

அது இருக்கிறது என்று சொல்லத்தான் எழுதினேன்.

ஜான்னா


ஹட்சன்வில், மிச்சிகன்
ஜூன் 23

ஜான்னா,

உன் அம்மாவின் இரண்டு கையும் ஸ்ட்ராபெரி ஜாமில் இருக்கின்றன. அதனால் நான் எழுதுகிறேன்.

போன வாரம் நல்ல மழை. கறுப்பு மண் பூட்ஸை விடுவதில்லை. முதல் நடவுச் செலரி முழங்காலுக்கு வந்துவிட்டது. டிராக்டரின் இடது டயரை மாற்றினேன். உன் தங்கை ட்ருடி கார் நம்பர் பலகைகளை எழுதிவைக்க ஆரம்பித்திருக்கிறாள். எந்த மாநிலத்துக் கார் எதிரே வந்தாலும் கத்துகிறாள். ஹட்சன்வில்லில் மிச்சிகன் கார் மட்டும்தான் வருகிறது. ஆனாலும் கத்துகிறாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சபை மூப்பர் சீட்சே பவ்மா காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பொண்ணு எங்க, ஹார்ம்?"

"அரிசோனால."

"அங்க என்ன பண்றா?"

"தூக்குறா."

"எதை?"

"சூடானதை."

அவர் தன் காரைத் தேடிப் போனார்.

மேஜையைப் பற்றிச் சொன்னதை நான் சொன்னேன். நான் ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். உன் நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது. ட்ருடி அதில் பூனையை உட்காரவைக்கிறாள். நான் இறக்கிவிடுகிறேன்.

அது வெள்ளை இல்லை என்று எழுதியிருந்தாய். என்ன நிறம் என்று எழுதவில்லை.

அப்பா


வடக்கு விளிம்பு
ஜூலை 5

அப்பா,

நிறம்.

முயன்று பார்த்தேன். கல்லூரியில் இந்த மாதிரி இடங்களுக்கென்றே பேராசிரியர் ஒரு சொல் வைத்திருந்தார். விளிம்பில் நின்று அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அது கீழே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஆகவே உங்களுக்குத் தெரிந்தவற்றால் சொல்கிறேன். நம் கொட்டகைக் கதவின் பழைய சிவப்பு. பீட்ரூட் வேகவைத்த தண்ணீர். ஆகஸ்டில் உங்கள் பின்கழுத்து. அதற்குக் கீழே, வெங்காயத் தோலின் உள்பக்கம். இது காலையில். மதியம் எல்லாம் வெளுத்துத் தட்டையாகிவிடும், யாரோ சுவரில் மாட்டியதுபோல. மாலையில் அடியிலிருந்து நீலம் ஏறும். தண்ணீர் நிறைவதைப்போல. மேலே கடைசியாக ஒரு பாறை மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அப்போது சூப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவேன். தலைமைப் பரிமாறுநர் லோயிஸ் இடுப்பில் குத்துவார்.

"ஏய், அது நாளைக்கும் இருக்கும். சூப்பு இருக்காது."

குடும்பங்கள் வந்தபடி இருக்கின்றன. ஓஹையோ, அயோவா, டெக்சஸ். ட்ருடி இருந்தால் தொண்டை கட்டிவிடும். இந்தியானாவிலிருந்து வந்த ஒருவர் காரை நிறுத்தினார். பின்கதவு திறந்தது. நான்கு பிள்ளைகள், ஒரு நாய், உருண்டு வந்த ஒரு தர்ப்பூசணி.

"அவன் என் பக்கத்துல காலை நீட்டுறான்!"

"ஒருத்தனும் ஒருத்தனையும் தள்ளக் கூடாது. இங்க தள்ளினா விளையாட்டில்ல. இறங்குங்க. பாருங்க. இதுக்குத்தான் வந்தோம்."

அவர்கள் போய் விளிம்பில் நின்றார்கள். அந்த ஆறு பேரும் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து முதல் தடவையாகச் சும்மா இருந்தார்கள் என்று நினைக்கிறேன். நாய்கூட. அப்புறம் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார், "சரி. யாருக்கு செர்ரி பை வேணும்?"

வந்த புதிதில் இதற்குச் சிரிப்பேன். இவ்வளவு தூரம் வந்து, ஒரு பார்வை, பிறகு செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை. இப்போது சிரிப்பதில்லை. இவ்வளவு பெரிய ஒன்றைக் கையில் கொடுத்தால் யார்தான் என்ன செய்வார்கள்? எனக்கும் தெரியவில்லை. பை கொண்டுவந்து வைக்கிறேன். வருடம் முழுக்க எங்கோ ஒரு தொழிற்சாலையில் நின்று சேர்த்த இரண்டு வார விடுமுறையை அந்த மனிதர் வெந்து கிடக்கும் காரில் இதற்காகக் கொண்டுவந்திருக்கிறார். அவருக்குக் கொஞ்சம் பெரிய துண்டாக வைத்தேன்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. தினமும் காலையில் விருந்தாளிகளின் பஸ் கிளம்பும்போது பரிமாறுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், பெட்டி தூக்குகிறவர்கள் எல்லாரும் வாசற்படியில் நின்று பாடி வழியனுப்ப வேண்டும். முதல் நாள் கூச்சமாக இருந்தது. ஜன்னலுக்குள் ஒரு பெரிய மனிதர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்த பிறகு கூச்சம் போய்விட்டது. நான் இரண்டாம் குரல், முதல் குரலுக்குக் கீழே ஒட்டிப் பாடுவது. ஆராதனையில் உங்கள் பக்கத்தில் நின்று பழகிய அதே இரண்டாம் குரல்.

ஜன்னலோரம் நான்காவது மேஜை என்னுடையது. அதிலிருந்து எல்லாம் தெரியும்.

வாருங்கள் என்று எழுதவில்லை. ட்ருடிக்குப் பத்து வயது ஆகிவிட்டது என்று மட்டும் எழுதுகிறேன்.

ஜான்னா


ஹட்சன்வில்
ஜூலை 17

ஜான்னா,

பின்கழுத்து என்று எழுதியதை உன் அம்மா மேஜையில் வாசித்தார். எல்லாரும் என் பின்னால் வந்து நின்று பார்த்தார்கள்.

இரண்டாம் நடவு முடிந்துவிட்டது. பக்கத்து வயல்காரர் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். ஆகஸ்ட் முதல் தேதி, திங்கள், கிளம்புகிறோம். தெற்கு டகோடா வழியாக, யெல்லோஸ்டோன் பார்த்துவிட்டு, உன் பக்கம் பதினொன்றாம் தேதி வியாழன். வெள்ளி இருப்போம். சனிக்கிழமை கிளம்பி ஞாயிறுக்குள் வேறெங்காவது போய்விடுவோம். இந்தத் தடவை ஞாயிறு குறுக்கே வராதபடி நாள்காட்டியை வைத்துத்தான் போட்டிருக்கிறேன்.

ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வேலை நடக்கிற இடத்துக்குள் நான் வந்து உட்காரமாட்டேன், எந்தக் கிழமையானாலும். வெளியே நின்று பார்க்கலாம்.

"மகளைப் பாக்கப் போறீங்கன்னு வாயால சொல்லுங்களேன்" என்கிறார் உன் அம்மா.

"பள்ளத்தாக்கைப் பாக்கப் போறேன்" என்றேன்.

"ரெண்டும் ஒரே இடத்துலதான் இருக்கு" என்கிறார்.

அது உண்மை.

அப்பா


வடக்கு விளிம்பு
ஜூலை 25

அப்பா,

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் லீவு வாங்கிவிட்டேன். அதற்குப் பதிலாக லோயிஸின் ஞாயிற்றுக்கிழமையை நான் செய்கிறேன். அவரும் ஞாயிறு வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறவர்தான். வேறு சபை, வேறு பாட்டு, அதே முகம்.

வழியில் ஒவ்வொரு சரித்திரப் பலகைக்கும் காரை நிறுத்தி எல்லாருக்கும் உரக்க வாசிக்காதீர்கள். சிலதை விட்டுவிடுங்கள். வியாழன் வந்துவிடும்.

வெளியே நின்று பார்க்கலாம். சரி. வாசலில் நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். நானும் வெளியே வருகிறேன்.

ஜான்னா


யூட்டாவில் ஓர் ஊர்
ஆகஸ்ட் 10

ஜான்னா,

காரின் தண்ணீர் பம்ப் போய்விட்டது. சால்ட் லேக் சிட்டியிலிருந்து புதியது வர வேண்டும். வெள்ளிக்கிழமை வரும் என்கிறார் மெக்கானிக். பூட்டி, சரிபார்த்து, உன்னிடம் வர சனிக்கிழமை இருட்டிவிடும்.

எனக்குத் தெரியும். நீ சொல்ல வேண்டாம்.

இதுவரை பார்த்ததை எழுதுகிறேன். தெற்கு டகோடாவில் மலையில் செதுக்கிய நான்கு ஜனாதிபதிகள். நான் தொப்பியைக் கழற்றினேன். ட்ருடி, "அப்பா, இவங்களுக்கு முதுகு இருக்கா?" என்றாள். பலகையில் அதைப் பற்றி ஒன்றும் போடவில்லை. காரைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கத்தையும் பார்த்தோம். வெறும் மலை. எனக்கு அந்தப் பக்கமும் பிடித்தது. யாரும் கை வைக்காதது.

யெல்லோஸ்டோனில் ஞாயிறு வந்தது. கூடாரம் போட்ட இடத்திலிருந்து வெந்நீர் ஊற்று மரங்களுக்கு அந்தப் பக்கம்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சுகிறது. பிரசங்கம் வாசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து நூறு பேர் சேர்ந்து "ஓ" என்றார்கள்.

ட்ருடி கேட்டாள்: "அப்பா, பாக்கக் கூடாது. சத்தத்தைக் கேக்கலாமா?"

யோசித்தேன். காதை மூடிக்கொள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

"கேக்கலாம்" என்றேன்.

அடுத்த முறை பீய்ச்சியபோது வாசிப்பதைக் கொஞ்சம் நிறுத்தினேன். தண்ணீரே மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். மறுநாள் போய்க் கண்ணாலும் பார்த்தோம். ஆனால் முந்தின நாள் கேட்டதுதான் பெரிதாக இருந்தது என்று ட்ருடி சொல்கிறாள்.

அப்பா


வடக்கு விளிம்பு
ஆகஸ்ட் 15, திங்கள்

அப்பா,

கூடார மைதானத்திலிருந்து விடுதி வாசலுக்கு ஒரு நல்ல நடை. அவ்வளவுதான். மிச்சிகனிலிருந்து வந்தவரால் அந்தத் தூரத்தைத் தாண்ட முடியவில்லை.

நேற்று அம்மாவும் ட்ருடியும் சமையலறைப் பின்கதவுக்கு வந்தார்கள். எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார் சமையல்காரர். அம்மா என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தார், மாடு வாங்க வந்தவர்போல. ட்ருடி மூச்சு வாங்கிக்கொண்டே, "அக்கா, நாங்க பாத்துட்டோம்! வர்ற வழியில இருந்துச்சு!" என்றாள்.

"நான் வேடிக்கை பாக்க வரல" என்றார் அம்மா. "பொண்ணப் பாக்க வந்தேன். நடுவுல ஒரு குழி இருந்தா நான் என்ன பண்றது?"

"அப்பா?"

அம்மா ஏப்ரனில் கை துடைக்கப் போனார். ஏப்ரன் இல்லை. கையைப் பாவாடையில் துடைத்தார்.

"கூடாரத்துல வாசிச்சுக்கிட்டிருக்காரு. நானும் சொல்லிப் பாத்தேன். ஓய்வுநாள்ல எருது குழியில விழுந்தா தூக்கிவிடலாம்னு வேதத்துலயே இருக்கே, இதைவிடப் பெரிய குழி அமெரிக்கால எங்க இருக்குன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. அப்புறம் பக்கத்தத் திருப்பினாரு. நாளைக்குக் காலைல, திங்கக்கிழமை, வாசல்ல வந்து நிப்பாராம். அதோட கிளம்பணும். அங்க அறுவடை ஆரம்பிச்சாச்சு."

இன்று காலை நான் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. இன்று எனக்கு வேலையும் இல்லை. படுக்கையில் இருந்தேன், விழித்துக்கொண்டு. பஸ்ஸுக்காக மற்றவர்கள் பாடுவது சுவர் வழியாகக் கேட்டது. இரண்டாம் குரல் மெலிந்திருந்தது. என் குரல் இல்லாததால். உங்களுக்கு ஒரு ஞாயிறு இருக்கிறது என்றால் எனக்கும் ஒரு திங்கள் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பிறகு ஜன்னலைத் திறந்தேன். எல்லாம் வெள்ளை. நேற்றிரவு மழை. பள்ளத்தாக்கு விளிம்புவரை நிரம்பியிருந்தது.

செருப்பைத் தேடிக்கொண்டு ஓடினேன். வாசலில் காலி நாற்காலிகள். லோயிஸ் மட்டும்.

"உயரமா ஒரு ஆளு வந்தாரு. தொப்பியக் கழட்டிக்கிட்டு, பாட்டு முடியிறவரைக்கும் நின்னாரு. அவரு பஸ்ல போறவரில்லியேன்னு பாத்தேன். உன்னக் கேட்டாரு. தூங்குறான்னு சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோ."

"வேற என்ன கேட்டாரு?"

"ஒண்ணும் கேக்கல. அந்தப் பக்கம் திரும்பி, 'வெள்ளையா இருக்கு'ன்னாரு. அப்புறம் இதைக் குடுத்தாரு. எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு."

பெப்பர்மின்ட்.

நான் அதைத் தின்னவில்லை. லோயிஸிடமே கொடுத்துவிட்டேன். இரண்டு முறை நீங்கள் இங்கே வந்தீர்கள். இரண்டு முறையும் ஒன்றையும் பார்க்காமல் போனீர்கள். உங்களுக்காக அழுவதா, உங்கள்மேல் கோபப்படுவதா என்று தெரியவில்லை.

செப்டம்பரில் நேராகக் கல்லூரிக்கே போகிறேன்.

ஜான்னா


ஹட்சன்வில்
ஆகஸ்ட் 24

ஜான்னா,

திங்கட்கிழமை உன்னுடையது. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுத வேண்டும். இதை உன் அம்மாவுக்கும் நான் சொல்லவில்லை. ஆனால் அவர் என் பூட்ஸைப் பார்த்தார்.

வீட்டில் எழுகிற நேரத்துக்கே அங்கேயும் விழிப்பு வந்துவிட்டது. மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன். தண்ணீர் பிடிப்பது அவசிய வேலை, அது எல்லா நாளும் செய்யலாம். பிடித்தேன். திரும்பியிருக்க வேண்டும். கால் மரங்களுக்குள் போய்விட்டது. எந்த மரத்துக்கு அருகில் அது தண்ணீர் பிடிக்கும் வேலையிலிருந்து வேடிக்கை பார்ப்பதாக மாறியது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றித் தினமும் யோசிக்கிறேன்.

விடுதியின் கண்ணாடிப் பக்கமாக வெளியே வந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. நீ மேஜைக்கு மேஜை போய்க்கொண்டிருந்தாய்.

பள்ளத்தாக்கு எனக்குப் பின்னால் இருந்தது. நான் திரும்பவில்லை. திரும்ப அவசியம் இருக்கவில்லை. அது முழுக்கக் கண்ணாடியில் இருந்தது. நீ எழுதிய அத்தனையும். கொட்டகைச் சிவப்பு, பீட்ரூட், வெங்காயத் தோல். அதற்கு நடுவில் நீ, கை நிறையச் சாப்பாட்டுக் கத்திகளோடு. ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்கு நடந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கத்தி வைப்பதுபோல இருந்தது. கூர்ப்பக்கம் தட்டைப் பார்த்து. உன் அம்மா வைப்பதுபோல. உதடு அசைந்தது. பாடிக்கொண்டிருந்தாய் என்று நினைக்கிறேன். கண்ணாடி தடிமன். கேட்கவில்லை.

தட்டலாம் என்று கையைத் தூக்கினேன். நீ வரிசையில் பாதிதான் போயிருந்தாய். ஒருத்தர் ஒரு வரிசை நட்டுக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டு நிறுத்தக் கூடாது. நம் வயலில் அப்படித்தான். அதோடு, ஞாயிறு. கையை இறக்கினேன்.

நான் அங்கே நின்றது கொஞ்ச நேரம் இல்லை. தண்ணீர் கனத்தது. வாளியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

கூடாரத்துக்கு வந்ததும், "தண்ணி பிடிக்க இவ்வளவு நேரமா?" என்றார் உன் அம்மா.

"நடந்தேன்" என்றேன்.

அவர் என் பூட்ஸைப் பார்த்தார். சிவப்புத் தூசி. பிறகு ட்ருடிக்குத் தலை வாரிவிட்டுக் கிளம்பினார்.

போன ஞாயிறு சீட்சே மறுபடியும் வந்தார்.

"இந்தத் தடவையாவது பாத்தியா, ஹார்ம்?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னைக்குப் பாத்த?" என்றார். அவர் மூப்பர், கேட்பார்.

"ஞாயித்துக்கிழமை."

அவர் பக்கத்தில் வந்து, யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "பெருசா?" என்றார்.

"பெருசு" என்றேன்.

தட்டு தூக்குவதைப் பற்றி வீட்டில் ஒன்று சொன்னேன். நீ வேலை செய்வதை நான் பார்த்திராதபோது சொன்னது அது. இப்போது பார்த்திருக்கிறேன். அந்த நாளைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை. உன்னைப் பற்றி நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரிக்கு முன்னால் வீட்டுக்கு வா. பூனையை இறக்கிவிட்டிருக்கிறேன்.

அப்பா


வடக்கு விளிம்பு
செப்டம்பர் 1

அப்பா,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே வாசித்தேன். பிறகு வெளியே போனேன். நீங்கள் எங்கே நின்றிருப்பீர்கள் என்று கண்ணாடியின் ஓரமாக நடந்து தேடினேன். நான்காவது மேஜைக்கு நேராக, ஒரு சின்ன ஓக் செடிக்குப் பக்கத்தில் என்று முடிவு செய்தேன். பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி நின்றேன். இந்தக் கோடை முழுக்க நான் அதைச் செய்ததே இல்லை.

எல்லாம் இருந்தது. சிவப்பு, நீலம், மேகத்தின் நிழல். அதற்குள் மேஜைகள். உப்புக் குடுவைகள். ஆள் மட்டும் இல்லை. நான் இருந்த இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கு முன்னால், கண்ணாடியின் மேல், நானே தெரிந்தேன். உங்களைப்போல நின்றுகொண்டு.

லோயிஸ் உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டினார். "அங்க என்ன தப்பான பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிற?"

இந்தக் கோடையில் நான் ஆயிரம் பேருக்காவது பரிமாறியிருப்பேன். எல்லாரும் எனக்குப் பின்னால் இருந்த ஒன்றைப் பார்க்க வந்தவர்கள். நான் அதை மறைத்தால் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் இவ்வளவு தூரம் வந்து, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாளியைக்கூட இறக்கிவைக்காமல்.

இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

வருகிறேன். பஸ்ஸும் ரயிலும் மாறி மாறி. சிகாகோ வண்டி நம் பக்கத்து கிராண்ட் ராப்பிட்ஸ் வந்து சேர்வது பதினெட்டாம் தேதி மதியம். அது ஞாயிறு. கிடைத்த சீட்டு அது. நீங்கள் கார் எடுக்க வேண்டாம். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். திங்கள் காலை வாருங்கள்.

ஜான்னா


ஹட்சன்வில்
செப்டம்பர் 6

ஜான்னா,

ஞாயிறு மதியம். நான் வருகிறேன்.

சீட்சேயிடம் கேட்கவில்லை, சொன்னேன். எருதைப் பற்றிய வசனத்தை அவர் எடுத்தார். உன் அம்மா முந்திக்கொண்டார்: "அவ எருதில்ல, சீட்சே. விழவும் இல்ல. வீட்டுக்கு வர்றா." சீட்சே தன்னுடைய காரையும் எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்கிறார், பெட்டி அதிகம் இருந்தால். வேண்டாம் என்றேன்.

இருபத்தாறு வருடமாக ஞாயிறு மதியம் அந்தச் சாலையில் நான் கார் ஓட்டியதில்லை. எப்படி இருக்கும் என்று பார்க்கலாம்.

அப்பா


வடக்கு விளிம்பு
செப்டம்பர் 12

அப்பா,

உங்கள் கடிதம் வந்தது. மூன்று முறை வாசித்தேன்.

நீங்கள் வருகிறேன் என்று எழுதியது போதும். அதை நான் வைத்துக்கொள்கிறேன். அந்தச் சாலை ஞாயிறு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டாம். அது எப்போதும்போல இருக்கட்டும்.

சிகாகோவில் ஒரு ஞாயிறு இருப்பேன். ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் ஏரி. பெஞ்சிலிருந்து எழுந்து நடந்தால், எந்த மரத்துக்கு அருகில் அது வேடிக்கையாக மாறுகிறது என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.

லோயிஸ் அந்த மிட்டாயைத் தின்றிருக்கவில்லை. ஏப்ரன் பையில் வைத்திருந்தார். "நீ கேப்பேன்னு தெரியும்" என்றார்.

இன்று காலை போய் ரயில் சீட்டைத் திங்கட்கிழமைக்கு மாற்றினேன். பிறகு திரும்பி வந்து நான்காவது மேஜைக்குக் கத்தி வைத்தேன்.

ஜான்னா